காலுறைக் கடையிலிருந்து அமேசன் மணல்வரை

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் இருக்கிறது. வாப்பாவின் பிடவைக்கடை கொட்டாஞ்சேனையில். காலையில் வாப்பாவும் நானாவும் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு ஒன்பது மணியாகிவிடும். நானா சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கடைக்குப் போனவர். அந்த வருடம் நாட்டில் எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்தன. கடையில் இருந்த இரண்டு ஊழியர்களுக்கும் சம்பளம் கொடுக்க வாப்பாவால் முடியவில்லை. பெறுபேறு வந்த அன்றும் நானா சாரி மடித்துக்கொண்டுதான் இருந்தார். விஞ்ஞானத்தில் அவருக்கு ஏ கிடைத்திருந்தது. உம்மா இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வட்டிலப்பம் செய்தார். மறுநாள் காலையும் நானா அதே பஸ்ஸில்தான் போனார்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தரம் 12 இல் எங்கள் உயிரியல் ஆசிரியை, ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைப் படித்து எழுதிவரச் சொன்னார். டார்வின், லூயி பாஸ்டர், மேரி கியூரி ஆகியோரைத் தோழிகள் உடனே பங்குபோட்டுக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியவர் ஹென்றி வோல்ட்டர் பேட்ஸ். பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மருதானையில் பழைய புத்தகங்கள் விற்கும் கடைகளில் தேடி, அவர் எழுதிய அமேசன் பயண நூலின் மலிவுப் பதிப்பொன்றை நானாதான் வாங்கி வந்தார். அட்டை கிழிந்திருந்தது. ஆங்கிலமும் பழைய ஆங்கிலம். தினமும் பத்துப் பக்கம் படித்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அதை நானாவுக்குத் தமிழில் சொல்வேன். வாப்பா சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேட்ஸ் 1825 பெப்ரவரி 8 ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். காலுறை நெசவுக்குப் பேர்போன ஊர் அது. தகப்பனாரும் காலுறை உற்பத்தி செய்பவர். பையனை ஓரளவு நல்ல பாடசாலைக்குத்தான் அனுப்பினார். ஆனால் பதின்மூன்று வயதோடு படிப்பு நின்றது. நகரத்துக் காலுறை மொத்த வியாபாரி ஒருவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். காலை 7 மணிக்குப் பண்டகசாலையைத் திறந்து கூட்டிப் பெருக்குவதில் தொடங்கும் வேலை, இரவு 8 மணிவரை நீளும். இந்த இடத்தைச் சொன்னபோது நானா சிரித்துவிட்டார். கடைக்குப் புதிதாக வருகிறவன் கையில் முதலில் கொடுப்பது எந்த நாட்டிலும் தும்புத்தடிதான் போலும்.

அந்தப் பையனுக்கு மிச்சமிருந்தது இரவு மட்டுமே. லெஸ்டரில் வேலை செய்து பிழைப்போருக்காக ஒரு கல்விக் கழகம் இருந்தது. நூலகமும் இரவு வகுப்புகளும் கொண்ட அந்தக் கழகத்தில் கிரேக்கமும் இலத்தீனும் பிரெஞ்சும் ஓவியமும் கற்றார். பகல் முழுதும் நின்ற கால்களோடு போய் உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்திருக்கிறார். எனக்கு மாலை வகுப்பிலேயே கொட்டாவி வருகிறது. விடுமுறை கிடைத்தால் ஊருக்கு வெளியே உள்ள சார்ன்வூட் காட்டுக்குப் போய் வண்டு பிடிப்பார். ஈரமான இடங்களில் வாழும் வண்டுகள் பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பு 1843 இல் ஒரு விலங்கியல் சஞ்சிகையில் அச்சானது. அப்போது வயது 18. கடையில் யாருக்காவது அது தெரிந்திருக்குமா என்று நானா கேட்டார். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

1844 இல் அதே ஊருக்கு ஓர் இளம் ஆசிரியர் வந்து சேர்ந்தார். அல்பிரட் ரஸல் வொலஸ் என்பது அவர் பெயர். இருவரும் நகர நூலகத்தில் அறிமுகமானார்கள். செடிகொடிகளில் நாட்டம் கொண்டிருந்த வொலஸ், பேட்ஸின் வீட்டு இழுப்பறைகளைத் திறந்து பார்த்து வியந்துபோனார். ஒரு சிறு நகரத்தைச் சுற்றி இத்தனை நூறு வகை வண்டுகள் வாழ்கின்றனவா! இயற்கைத் தெரிவுக் கொள்கையை டார்வினோடு சமமாகக் கண்டறிந்தவர் என்று நாம் பாடநூலில் படிக்கும் வொலஸுக்கு வண்டு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் காலுறைக் கடையில் வேலை பழகிய இந்தப் பையன்தான்.

பின்னர் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இடையில் பேட்ஸ் ஒரு மதுபானத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்தார். அந்த வேலையை அவர் விரும்பவில்லை. 1847 இல் அமேசன் நதியைப் பற்றிய ஒரு பயண நூல் வெளிவந்தது. அதைப் படித்ததும் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அங்கே போவது, பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்து இலண்டனுக்கு அனுப்புவது, விற்று வரும் பணத்தில் செலவைச் சமாளிப்பது. 1848 ஏப்ரல் 26 இல் லிவர்பூல் துறையில் கப்பலேறி, மே 28 இல் பாரா நகரில் இறங்கினார்கள். இன்றைய பிரேசிலின் பெலெம் அது. பேட்ஸுக்கு வயது 23, வொலஸுக்கு 25. பட்டமும் இல்லை, அரச உதவியும் இல்லை.

கண்ணை மூடியிருந்த வாப்பா முதல்முறையாக வாய் திறந்தது இங்கேதான். சரக்கை யார் விற்றுக் கொடுத்தது என்று கேட்டார். இலண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் இருந்தார் என்றேன். தரகும் கப்பல் கூலியும் காப்புறுதியும் கழித்துத்தான் மிச்சம் கைக்கு வரும் என்றேன். வாப்பாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. அப்படியானால் இது படிப்பு விஷயம் மட்டுமில்லை, கொமிஷன் வியாபாரமும்தான் என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பர்கள் சீக்கிரமே தனித்தனியே சேகரிக்கத் தொடங்கினார்கள். 1850 இல் இன்றைய மனாவுஸ் நகரில் மீண்டும் சந்தித்து ஆறுகளைப் பிரித்துக்கொண்டார்கள். வொலஸ் ரியோ நீக்ரோவில் ஏறிப்போனார். பேட்ஸ் மேல் அமேசனுக்குப் போனார். மறுவருடம் பாராவில் மஞ்சட்காய்ச்சல் பரவியது. அங்கிருந்த வொலஸின் இளைய சகோதரருக்கு நோய் கண்டபோது பக்கத்திலிருந்து பார்த்தவர் பேட்ஸ். அந்த இளைஞர் இறந்துபோனார். பேட்ஸும் அதே காய்ச்சலில் விழுந்து எழுந்தார். 1852 இல் வொலஸ் ஊர் திரும்பினார். நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்து அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி எரிந்துபோனது. பேட்ஸ் மட்டும் தங்கிவிட்டார். மொத்தம் 11 ஆண்டுகள்.

அவற்றில் நாலரை ஆண்டுகளை ஏகா என்ற சிற்றூரில் கழித்தார். இப்போது அதன் பெயர் டெஃபே. அங்கே ஒருமுறை பன்னிரண்டு மாதங்கள் கடிதமும் வரவில்லை, பணமும் வரவில்லை. உடுப்புக் கந்தலானது. பாம்பும் முள்ளும் நிறைந்த காட்டில் வெறுங்காலோடு நடந்தார். வேலைக்காரன் ஓடிப்போனான். கையிலிருந்த காசும் களவுபோனது. அபூர்வமாக வரும் ஆங்கிலச் சஞ்சிகையை மூன்று தடவை படிப்பாராம். முதல் தடவை பிடித்த கட்டுரைகள், அடுத்த தடவை மீதிப் பக்கங்கள், கடைசியாக விளம்பரங்கள். காலுறை செய்யும் குடும்பத்துப் பிள்ளை காலுக்குச் செருப்பில்லாமல் நடந்ததை உம்மாவால் தாங்க முடியவில்லை. அந்த உம்மாவுக்குத் தெரிந்தால் எப்படி இருந்திருக்கும் என்றார்.

இனி வண்டுக்கு வருகிறேன். நானா அந்தப் பக்கங்களை என்னிடம் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

நீர் வற்றும் காலத்தில் அமேசனும் அதன் கிளையாறுகளும் அகன்ற மணற்கரைகளை வெளியே விடும். பகலில் அந்த மணல் கால் வைக்க முடியாதபடி சுடும். பார்த்தால் உயிரே இல்லாத இடம் போலிருக்கும். பொழுது இறங்கியதும் மணலில் உள்ள வளைகளிலிருந்து வண்டுகள் வெளியே வரும். இவை புலிவண்டுகள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையும், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செல்லும் கூரிய தாடைகளும், நீண்ட மெல்லிய கால்களும் கொண்டவை. துரத்திப்போய்ச் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை என்பதால் அந்தப் பெயர். உலகத்துப் புலிவண்டுகளில் பெரும்பாலானவை வெயிலை விரும்புபவை. ஆனால் பேட்ஸ் அங்கே கண்ட டெட்ராகா என்னும் இனத்தவை இருட்டின் மக்கள். பகலில் வளையில் கிடந்து, இரவில் மணல்மீது அதிவேகமாக ஓடி வேட்டையாடும்.

புலிவண்டின் குடம்பியும் லேசுப்பட்டதல்ல. நிலத்தில் நேர்குத்தாக ஒரு குழி தோண்டி, அதன் வாயைத் தன் தட்டையான தலையால் மூடிபோல அடைத்துக்கொண்டு காத்திருக்கும். முதுகில் ஒரு திமில், அதில் கொக்கிகள். எறும்பொன்று பக்கத்தில் வந்தால் பாய்ந்து கவ்வும். இரை திமிறினாலும் குழியை விட்டு இழுபடாமல் அந்தக் கொக்கிகள் சுவரைப் பற்றிக்கொள்ளும்.

பேட்ஸ் இவற்றைப் பிடித்து ஊசியில் குத்தி விலை எழுதி அனுப்பியிருந்தால் ஸ்டீவன்ஸுக்கு அது போதும். ஆனால் அவர் மணலில் நின்று பார்த்தார். ஒரு வகை வெளிறிய நிறம், மணலோடு மணலாகக் கலந்துவிடும். ஓடும்போதுகூடக் கண்ணில் படாது. இன்னொரு வகை கடும் நிறம், அதே வெண்மணலில் துலக்கமாகத் தெரியும். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பிழைப்பு. மணல் நிறம் ஒன்றைக் காக்கிறதென்றால் மற்றது எப்படிப் பிழைத்திருக்கிறது? அவர் கையில் எடுத்துப் பார்த்தார். கடும் நிறத்து வண்டு அழுகலும் கஸ்தூரியும் கலந்தாற்போன்ற கெட்ட நாற்றமுள்ள திரவத்தை விட்டது. வெளிறிய வண்டிடம் அந்த நாற்றம் இல்லை. ஒன்று ஒளிந்து பிழைக்கிறது. ஒளிய முடியாத மற்றதை அதன் நாற்றம் காக்கிறது.

நானா ஒரு கேள்வி கேட்டார். இரவில் ஓடுகிற வண்டுக்கு நிறம் எதற்கு? நான் திகைத்துப் போனேன். வாப்பாதான் பதில் சொன்னார். கடற்கரை மணலில் எந்த இரவும் முழு இருட்டாக இருப்பதில்லையாம். நிலா வேண்டாம், வெள்ளிகள் இருந்தாலே போதும், வெள்ளைத் துணியில் விழுந்த கறுப்பு நூலைப் போல எதுவும் தெரிந்துவிடுமாம். நாற்பது வருடம் துணி பார்த்தவருடைய பதில். ஆசிரியையிடம் சொன்னேன், அவரும் சரி என்றார்.

இரவில் திரியும் புலிவண்டுகள் அமேசனில் மட்டுமல்ல, இரு அமெரிக்கக் கண்டங்களிலும் பல இடங்களில் இருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் டெட்ராகாவின் உறவு வண்டொன்று வீட்டு விளக்கு வெளிச்சத்துக்கு வந்துவிடுமாம். நடுப்புல்வெளிப் பிரதேசத்தின் களிமண் மேடுகளில் ஆம்ப்ளிகீலா என்ற பெரிய கறுப்பு வண்டு வாழ்கிறது. அதற்குப் பறக்கத் தெரியாது. பசிபிக் கரையோரக் காடுகளில் ஓமஸ் என்ற இன்னொன்று, அதுவும் கறுப்பு, அதுவும் பறக்காது. பகலில் ஓடும் வண்டுகளின் மினுமினுப்பு இந்தக் கறுப்பு வண்டுகளுக்கு இல்லை. நமது இலங்கையிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட புலிவண்டு இனங்கள் உள்ளன. கடற்கரை, ஆற்றங்கரை, குளக்கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மண் வேண்டும். சில மரத்தில் ஏறி வாழ்பவை. ஓரிடத்து மணலை அள்ளிவிட்டால் அங்குள்ள வண்டு பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

பேட்ஸ் 1859 இல் நாடு திரும்பினார். அவர் சேர்த்தவை 14,712 இனங்கள், பெரும்பாலும் பூச்சிகள். அவற்றில் சுமார் 8,000 விஞ்ஞானத்துக்குப் புதியவை. ஏகாவைச் சுற்றி மட்டும் 7,000 க்கு மேற்பட்ட பூச்சியினங்கள். வாப்பா இந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தார். பதினொரு வருடத்தில் செலவு போகக் கையில் மிஞ்சியது எவ்வளவு என்று கேட்டார். சுமார் 800 பவுண் என்றேன். வாப்பா விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். வருடத்துக்கு எழுபத்து மூன்றுகூட வரவில்லை. கடையிலேயே இருந்திருக்கலாம் என்றார். நானா ஒன்றும் பேசவில்லை. அன்று நான் புத்தகத்தை அத்தோடு மூடி வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து, மிச்சக் கதை என்னவென்று கேட்டது வாப்பாதான்.

மிச்சக் கதை இது. அமேசனில் பேட்ஸைக் குடைந்த வேறொரு விஷயமும் இருந்தது. மெதுவாகப் பறக்கும், பளிச்சென்ற நிறமுள்ள சில வண்ணத்துப்பூச்சிகளைப் பறவைகள் தொடுவதில்லை, சுவை கெட்டவை என்பதால். அவற்றோடு கூடவே, முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகள் அதே நிறத்தில், அதே சிறகமைப்பில் பறந்தன. கையில் எடுத்து உற்றுப் பார்த்தாலன்றி அவராலேயே பிரித்தறிய முடியவில்லை. சுவை கெட்டதைப் போல் தோன்றுவதால் இவையும் தப்பிக்கின்றன என்று விளக்கினார். தலைமுறை தலைமுறையாக, சற்றே கூடுதலாக ஒத்திருப்பவை பிழைத்து மற்றவை இரையாகும்போது அந்த ஒப்புமை கூர்மையாகிறது. 1861 நவம்பரில் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இதை வாசித்தார். டார்வின் பெரிதும் மகிழ்ந்தார். பேட்ஸ் போலிமை என்று நமது உயிரியல் பாடத்தில் வருவது இதுதான். அந்த மணற்கரை வண்டுகளிடம் அவர் கேட்ட அதே கேள்விதான் இதிலும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது: இது எதனால் தப்பிப் பிழைக்கிறது?

டார்வினின் தூண்டுதலால் 1863 இல் பயண நூல் வெளிவந்தது. அதை எழுதுவதைவிட இன்னும் பதினொரு வருடம் அமேசனில் இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டாராம். புத்தகம் நன்றாக விற்றது. ஆனால் புகழ் சோறு போடவில்லை. பிரித்தானிய நூதனசாலையில் விலங்கியல் பிரிவில் ஒரு வேலைக்கு முயன்றார். அது ஓர் இளம் கவிஞருக்குப் போனது. கவிஞர் மீது எனக்குக் கோபமில்லை, இந்த மலரில் நானும் கவிதை எழுதியிருக்கிறேன். இருந்தாலும் எட்டாயிரம் புதிய உயிரினங்களைக் கொண்டுவந்தவருக்கு ஒரு மேசை கிடைக்கவில்லை என்பது மனத்தை உறுத்துகிறது. 1864 இல் புவியியல் சங்கத்தில் உதவிச் செயலாளராகச் சேர்ந்தார். சஞ்சிகை திருத்துவது, பயணங்களுக்கு ஒழுங்கு செய்வது என்று இறக்கும்வரை அதே அலுவலகம். வண்டுகளுக்கு மறுபடியும் ஓய்வு நேரம்தான் மிச்சம். 1881 இல் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

அந்த ஓய்வு நேரத்தில்தான் அவர் நம் நாட்டோடு சேர்கிறார். ஜோர்ஜ் லூயிஸ் என்ற தேயிலை வணிகர் இலங்கையில் வண்டுகளைச் சேகரித்துக்கொண்டு போனார். அவற்றில் வேட்டையாடும் தரை வண்டுகளை ஆராய்ந்து, வகைப்படுத்தி, 1886 இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் தொடர்ச்சியாக எழுதியவர் பேட்ஸ். அவர் இந்த மண்ணை மிதித்ததில்லை. நமது வண்டுகள் அவரிடம் போயிருக்கின்றன. தேயிலை வியாபாரி வண்டு பிடித்தாரா என்று வாப்பா இரண்டு தரம் கேட்டார்.

1892 பெப்ரவரி 16 ஆம் திகதி, 67 வயது நிறைந்த சில நாட்களில், சுவாசக் குழாய் அழற்சியால் இலண்டனில் காலமானார். அவருடைய தரை வண்டுச் சேகரிப்பைப் பிரான்சின் ஓபர்தூர் என்ற சேகரிப்பாளர் பெற்றுக்கொண்டார். பின்னர் அது பாரிஸ் நூதனசாலைக்குப் போனது.

கட்டுரையை ஒப்படைத்து ஒரு மாதமாகிறது. கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நானா என்னிடம் ஒன்று சொன்னார். சிறுவனாக இருந்தபோது வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தருகே மணலில் ஒரு வண்டைத் துரத்தினாராம். கிட்டப் போனால் எழுந்து நாலடி தள்ளிப் பறந்து, திரும்பி இவரையே பார்த்தபடி இறங்குமாம். கடைசிவரை பிடிபடவில்லை. புலிவண்டு அப்படித்தான் பறக்கும் என்று நான் சொன்னதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதுவதற்கு என்னென்ன தேவை என்று நானா விசாரித்து வைத்திருந்த காகிதம் இப்போது வாப்பாவின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. கடைக்கு ஒரு பையன் தேவை என்று வாப்பா கொட்டாஞ்சேனையில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாராம். வேறெதுவும் எங்களிடம் சொல்லவில்லை. வரும் போயா தினத்தில் கடை பூட்டு. மஃரிப் தொழுதுவிட்டு மூவரும் ரயில் பாதையைக் கடந்து மணலுக்குப் போவதாக இருக்கிறோம். டோர்ச்சுக்குப் புது பெட்டரி வாங்கி வந்தது வாப்பா.